நாற்சந்தியில் ஒருவர் நிற்பார்

சென்ற ஆண்டு நவம்பர் மாதம் பதின்மூன்றாம் நாள், வியாழக்கிழமை, மாலை ஐந்து மணி நாற்பது நிமிடத்திற்கு, நான் முன்பின் பார்த்திராத ஓர் ஊரின் ரயில் நிலையத்தில் ஒரு பெட்டியுடனும் ஒரு குடையுடனும் இறங்கினேன். மறுநாள் தொடங்கவிருந்த அகராதியியல் கருத்தரங்கிற்குத் தலைமை தாங்க வந்திருந்தேன். எனக்கு வயது எழுபத்திரண்டு. பார்வையில் குறையில்லை. காது கூர்மையானது. மருந்து எதுவும் உட்கொள்வதில்லை. நாற்பது ஆண்டுகள் அகராதிப் பதிப்பாசிரியராக இருந்தவள். சான்று இல்லாத ஒரு சொல்லைக்கூட நான் ஏற்றதில்லை. இவற்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். படித்து முடித்தபின் "கிழவிக்கு மூளை கலங்கிவிட்டது" என்று சொல்ல விரும்புவோர் வேறு காரணம் தேடிக்கொள்ளட்டும். நடந்தது நடந்ததுதான்.

அழைப்போடு 'வெளியூர் விருந்தினருக்கான வழிக்குறிப்பு' என்று ஒரு தாளும் அனுப்பியிருந்தார்கள். அதை எழுதியவரை ஒரு மாதம் என் முன்னால் உட்காரவைத்துப் பாடம் நடத்தியிருக்க வேண்டும். நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் வலப்புறம் திரும்பச் சொன்னது, வலப்புறம் சுவர். பத்து நிமிட நடை என்றது. யாருடைய நடை என்று சொல்லவில்லை. வாடகை வண்டி எளிதில் கிடைக்கும் என்றது. வாசலில் ஒரு நாய்கூட இல்லை. ஒரே ஒரு வாக்கியம் தெளிவாக இருந்தது: 'நாற்சந்தியில் எங்கள் தன்னார்வலர் ஒருவர் நின்று வழிகாட்டுவார்.' அதை நம்பிப் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தேன். பாதி வழியில் பெட்டியின் சக்கரம் ஒன்று கழன்றது. நான் யாரையும் சபிக்கும் பழக்கம் உடையவள் அல்லள். அன்று பழகிக்கொண்டேன்.

மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் தூறல் தொடங்கியது. நாற்சந்தியில் நான்கு சாலைகளும் ஒரே மாதிரி இருந்தன. எரியாத விளக்குக் கம்பம் ஒன்றின் கீழ், வளைந்துபோன இரும்புத் தடுப்பை ஒட்டி, ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். நீலநிறக் கம்பளிச் சட்டை. இரு கைகளாலும் ஓர் அட்டையை மார்போடு பிடித்திருந்தாள். அட்டையில் 'அகராதியியல் கருத்தரங்கு' என்று அழகான கையெழுத்து.

"வாங்கம்மா. கருத்தரங்குக்குத்தானே?"

"ஆமாம். நல்லவேளை, நீயாவது இருந்தாய். இந்தக் குறிப்பை எழுதின மகானுபாவர் யார்?"

அவள் சிரித்தாள். "அதெல்லாம் கேக்காதீங்கம்மா. இடது பக்கம் போங்க. மூணாவது கேட் பூட்டியிருக்கும், அங்க நின்னு தட்டாதீங்க. நாலாவது கேட். உள்ள போனதும் ஏழு படி. மேல்படியில ஒரு கல்லு ஆடும், பாத்துக் கால் வைங்க."

எனக்கு மனம் குளிர்ந்தது. எதை முதலில் சொல்ல வேண்டும், எதை அடுத்துச் சொல்ல வேண்டும் என்று தெரிந்த ஒருவரை அந்த ஊரில் கண்டுவிட்டேன்.

அப்போதுதான் கவனித்தேன். தூறல் தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவளோ முழுக்க நனைந்திருந்தாள். பலமணி நேரம் மழையில் நின்றவளைப் போல முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. முழங்கையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்... சொட்... ஆனால் அவள் மார்போடு பிடித்திருந்த அட்டையில் ஒரு துளி ஈரம் இல்லை.

குடையை நீட்டினேன்.

"வேண்டாம்மா. ரெண்டு கையும் அட்டையில இருக்கு." பிறகு என்னைத் தாண்டி நிலையத்தின் பக்கம் பார்த்தாள். "உங்க வண்டியில வேற யாராச்சும் இறங்கினாங்களா? இன்னும் ஒருத்தர் வரணும்."

"நான் பார்த்தவரை யாரும் இல்லை. நீ உள்ளே வந்துவிடேன், ஜுரம் வந்து படுக்கப்போகிறாய்."

"கடைசி ஆள் வர்ற வரைக்கும் நிக்கச் சொல்லியிருக்காங்கம்மா."

நான் பேசும்போது என் வாயிலிருந்து புகை போல ஆவி வந்தது. அவள் பேசும்போது வரவில்லை. குளிரில் எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறது என்று எண்ணிக்கொண்டு நடந்தேன். மூன்றாவது வாயில் பூட்டியிருந்தது. நான்காவது திறந்திருந்தது. ஆனால் உள்ளே படிகள் இல்லை. சக்கர நாற்காலி ஏறும்படி சரிவாக, வழுவழுப்பாக, சிமெண்ட் பூசியிருந்தார்கள். ஆடும் கல்லைத் தேடிக்கொண்டு அந்தச் சரிவில் நான் சிறிது நேரம் நின்றேன்.

விருந்தினர் விடுதியின் உணவுக்கூடத்தில் எனக்காகக் காத்திருந்தவள் சிட்டு. என் தம்பியின் மகள். கருத்தரங்கை நடத்தும் பல்கலைக்கழகத் துறையில்தான் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள், ஆறாம் ஆண்டு. துறைத்தலைவர் அவளுடைய நெறியாளர். மெலிந்த, மரியாதையான மனிதர். எல்லோரிடமும் இன்சொல். எதையும் உடனே செய்துவிடுவதாகச் சொல்வார்; சொன்னதோடு நிம்மதியாகிவிடுவார். அந்த வகை மனிதர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மேசையில் என் எதிரே தொப்பி அணிந்த ஒரு பேராசிரியர் உட்கார்ந்திருந்தார். சோறு உண்ணும்போதும் தொப்பியைக் கழற்றவில்லை.

"நீங்க எப்படி மேடம் வந்து சேர்ந்தீங்க? நான் அந்தத் தாளைப் பாத்து நடந்திருந்தா இந்நேரம் பக்கத்து ஊருக்கே போயிருப்பேன். நாற்சந்தியில நின்ன பொண்ணு காப்பாத்துச்சு."

"நீலச் சட்டைதானே?" என்றார் இன்னொருவர். "எனக்கும் அவதான் வழி சொன்னா. நல்ல பொண்ணு."

நான் துறைத்தலைவரைப் பார்த்தேன். "அந்தப் பெண் தொப்பலாக நனைந்துபோய் நிற்கிறாள். ஆளனுப்பி உள்ளே கூப்பிடுங்கள். சாப்பிட வேண்டாமா அவள்?"

அவர் ரொட்டியைச் சிறு துண்டுகளாகப் பிய்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"வந்துடுவாங்க மேடம். நீங்க சாப்பிடுங்க."

அவருக்கு இருபுறமும் இருந்த உள்ளூர் விரிவுரையாளர்கள் இருவரும் ஒரே நேரத்தில் கரண்டியைக் கீழே வைத்தார்கள். சிட்டுவின் முகம் வெளிறியிருந்தது.

"சரி, நானே போய்க் கூட்டி வருகிறேன்" என்று எழுந்தேன். சிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன.

"அத்தை, ரூமுக்கு வாங்க. ஒரு விஷயம் சொல்லணும்."

அறைக் கதவைச் சாத்திவிட்டு அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அவ என் ரூம்மேட் அத்தை. எம்.ஏ. காலத்துலேருந்து ஹாஸ்டல்ல ரெண்டு வருஷம் ஒண்ணா இருந்தோம்."

"யார்?"

"நீலச் சட்டை. அது என்னோடது. அன்னிக்குக் குளிரா இருக்குன்னு நான்தான் போட்டுவிட்டேன்... அஞ்சு வருஷம் ஆச்சு அத்தை, அவ செத்து."

ஐந்து ஆண்டுகளுக்கு முன்பும் இதே கருத்தரங்கு. அந்தப் பெண்ணை அங்கே நிறுத்தியவர் துறைத்தலைவர். கடைசி விருந்தினர் வரும்வரை இடத்தை விட்டு அசையக்கூடாது என்று சொல்லி நிறுத்தினார். அந்தக் கடைசி விருந்தினர் தம்மால் வர இயலவில்லை என்று நண்பகலிலேயே தொலைபேசியில் சொல்லிவிட்டார். சொன்னது துறைத்தலைவரிடம்; அந்த விருந்தினரே பிறகு சிட்டுவிடம் இதைச் சொல்லியிருக்கிறார். அவர் "பரவாயில்லைங்க" என்று இன்சொல் கூறிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனார். மாலையில் எல்லோரும் விருந்துக்குப் போனார்கள். அவள் மழையில் நின்றாள். ஒன்பது மணிக்குச் சரக்கு லாரி ஒன்று வழுக்கிக்கொண்டு வந்து அந்த மூலையில் ஏறியது. விபத்து என்று எழுதி முடித்தார்கள். ஒன்பது மணிக்கு ஒரு மாணவி அங்கே ஏன் நின்றாள் என்று யாரும் கேட்கவில்லை.

"அடுத்த வருஷம் வந்த விருந்தாளிங்க எல்லாரும் சொன்னாங்க அத்தை. நாற்சந்தியில ஒரு பொண்ணு வழி காட்டுச்சுன்னு. வெளியூர்க்காரங்க கண்ணுக்கு மட்டும்தான் தெரியறா. நான் எத்தனையோ தடவை போய் நின்னு பாத்துட்டேன். கூப்பிட்டும் பாத்துட்டேன். எனக்குத் தெரியல."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்த வருஷமும் அந்த மூலைக்கு யாரையும் போடல. போடத் தேவையில்லன்னு சார் சொல்லிட்டார்."

"என்ன சொன்னாய்?"

"ஆள் போடத் தேவையில்லன்னு. 'அங்க ஒருவர் நிற்பார்'னு வழிக்குறிப்புல மட்டும் போட்டா போதும்னு."

நான் அஞ்சியிருக்க வேண்டும். செத்தவளோடு நின்று பேசிவிட்டு வந்திருக்கிறேன். குடையை வேறு நீட்டியிருக்கிறேன். ஆனால் அச்சம் வரவில்லை. உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை சினம்தான் ஏறியது. அந்த வாக்கியம் மட்டும் ஏன் அவ்வளவு தெளிவாக இருந்தது என்பது அப்போது விளங்கிற்று. அதை எழுதியவருக்கு அதில் துளியும் ஐயம் இல்லை.

"இத்தனை வருடம் நீ ஏன் வாயைத் திறக்கவில்லை?"

"என் ஆய்வேடு அவர் மேசையில இருக்கு அத்தை. கையெழுத்து போடணும்."

மறுநாள் காலை, கருத்தரங்கு தொடங்க அரைமணி இருக்கும்போது துறைத்தலைவரின் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"அந்தப் பெண்ணை எப்போது விடுவிக்கப் போகிறீர்கள்?"

அவர் நடிக்கவில்லை, அதுதான் என்னை மேலும் கொதிக்க வைத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லையே மேடம். அஞ்சு வருஷத்துல ஒரு விருந்தினர்கூட வழி தவறல. அந்தப் பொண்ணுக்கும் அதுல ஒரு மனநிறைவு இருக்கலாம் இல்லையா?"

"உயிரோடு இருந்தபோது வேலை வாங்கினது போதாதா? செத்த பிறகும் விடமாட்டீர்களா?"

"மெதுவா பேசுங்க மேடம்..."

"மேடை ஏறி ஒலிபெருக்கியில் பேசப்போகிறேன். வந்திருக்கும் அத்தனை பேரிடமும், உங்களுக்கு வழிகாட்டியவள் யார் தெரியுமா என்று கேட்கப்போகிறேன். அதற்கு முன் சிட்டுவின் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடுங்கள். என் கோபத்திற்கு அவள் பலியாகக் கூடாது."

கையெழுத்துப் போட்டார்.

"நான் என்னதான் செய்யணும்ங்கறீங்க?"

"நிறுத்தியது நீங்கள். போகச் சொல்ல வேண்டியதும் நீங்கள். இன்று மாலை என்னோடு நாற்சந்திக்கு வருகிறீர்கள். வந்தால் மேடையில் பேசமாட்டேன்."

அன்று எந்த உரையும் என் காதில் ஏறவில்லை. நேரம் கடந்து பேசியவர்களைக்கூடத் தடுக்காமல் விட்டேன். என்னை அறிந்தவர்களுக்கு அதுவே பெரிய அதிசயம்.

மாலை ஐந்தரை மணிக்கு மூவரும் நடந்தோம். நான், சிட்டு, துறைத்தலைவர். அன்றும் தூறல். அன்றும் மூடுபனி. நாற்சந்தி நெருங்க நெருங்க அவர் பின்தங்கினார். நான் திரும்பிப் பார்த்ததும் மீண்டும் சேர்ந்துகொண்டார்.

அவள் அங்கே நின்றாள்.

அதே தடுப்பு. அதே சட்டை. முகம் நிலையத்தின் பக்கம்.

"எங்க?" என்றார் துறைத்தலைவர். "எங்க மேடம்?"

"உங்களுக்கு நேர் எதிரே. நான்கடி."

அவர் வெற்றிடத்தைப் பார்த்தார். சிட்டுவும் பார்த்தாள், அவள் கண்கள் எதன்மீதும் நிற்கவில்லை.

ஆனால் அவள் அவரைப் பார்த்துவிட்டாள். விறைத்து நேராக நின்றாள். அட்டையை உயர்த்திப் பிடித்தாள்.

"சார்."

அவருக்குக் கேட்கவில்லை.

"பேசுங்கள்" என்றேன்.

அவர் தொண்டையைச் செருமினார். "நீ... நீ போகலாம்மா. வேலை முடிஞ்சுது. கடைசி ஆளும் வந்துட்டார்."

சொட்... சொட்... சொட்...

அவள் தலையைச் சற்றுச் சாய்த்தாள்.

"எந்த வழியா சார்? நான் இங்கயேதானே இருந்தேன்."

அதை அவரிடம் சொன்னேன். அவள் சொன்னபடியே சொன்னேன்.

அவர் முகம் வெளுத்தது.

"நான்... நான் என்ன சொல்ல?"

"உண்மையை."

ஒரு வண்டி கடந்து போயிற்று. அதன் விளக்கொளி எங்கள் மூவர்மீதும் விழுந்து, எங்கள் நிழல்களை இழுத்துப் போட்டது.

மூன்று நிழல்கள்.

"அவர் வரல" என்றார் துறைத்தலைவர். "அவர் வரவே இல்லம்மா. வரலன்னு போன் பண்ணிட்டார். உன்கிட்ட சொல்ல... மறந்துட்டேன்."

"எப்ப சார்?"

"எப்போது என்று கேட்கிறாள்."

"மத்தியானம்."

சொட்டும் ஓசை நின்றது.

தூறல் தூறிக்கொண்டுதான் இருந்தது... அந்த ஓசை மட்டும் நின்றது.

"மத்தியானமேவா?"

அதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. ஆனால் அவர் இரண்டடி பின்னால் போனார். அது மட்டும் அவருக்குக் கேட்டிருக்கிறது.

அவள் அட்டையைத் தடுப்பின்மேல் சாய்த்து வைத்தாள். உள்ளங்கைகளை ஒன்றோடொன்று தேய்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அப்போ நான் கிளம்பறேன்மா."

சிட்டுவின் பக்கம் நடந்தாள். அவளைக் கடக்கும்போது ஒரு கணம் நின்றாள். சட்டையின் கையைத் தடவிக்கொண்டாள்.

பிறகு...

மூடுபனிதான்.

அட்டை இல்லை. ஆள் இல்லை. நடைபாதை முழுதும் ஈரம். அவள் நின்ற இடத்தில் மட்டும் இரண்டு காலடி அளவுக்கு உலர்ந்த தரை. அதை மூவரும் பார்த்தோம். தூறல் அதன்மேல் விழுந்தது. சிறிது நேரத்தில் அதுவும் நனைந்தது.

சிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

விடுதிக்குத் திரும்பினோம். துறைத்தலைவர் என் எதிரே உட்கார்ந்து தேநீர் குடித்தார். இரு கைகளாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு குடித்தார். அப்போது சுவர்க்கடிகாரத்தில் ஆறு மணி பத்து நிமிடம். இதை நான் உறுதியாகச் சொல்வேன். இரவு உணவு ஏழு மணிக்கா எட்டு மணிக்கா என்று கேட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உண்டபின் அவர் கருத்தரங்கிற்காக விடுதியில் தமக்கென்று ஒதுக்கிய அறைக்குப் போனார். கதவு சாத்தும் ஓசை கேட்டது.

மறுநாள் காலை அந்த அறையில் அவர் இல்லை. காலணி கட்டிலுக்கடியில் இருந்தது. மேற்சட்டை கொக்கியில் தொங்கியது. படுக்கையில் யாரும் படுத்த தடயம் இல்லை.

விடியற்கால வண்டிக்குக் கிளம்பிய தொப்பிப் பேராசிரியர் அவரை நாற்சந்தியில் பார்த்திருக்கிறார். பின்னர் தொலைபேசியில் என்னிடம் சொன்னார். "வெறுங்காலோட ஸ்டேஷன் பக்கம் போய்க்கிட்டிருந்தார் மேடம். மழையே இல்ல, ஆனா மனுஷன் தொப்பலா நனைஞ்சிருந்தார். குட் மார்னிங் சொன்னேன், திரும்பல. வாத்தியார்கிட்ட திட்டு வாங்கற பையன் மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டு, 'ஆமா, ஆமா'ன்னு சொல்லிக்கிட்டே போனார். பக்கத்துல யாரும் இல்ல."

இதையெல்லாம்விட, சிட்டு அன்று காலை கேட்டுக்கொண்டு வந்த செய்திதான் இன்றுவரை என்னை உறங்கவிடவில்லை. இறந்த பெண்ணின் தாய் தனியாக வாழ்கிறார். அவர் ஊருக்கு ஓர் இரவு ரயில் பயணம். நண்பகல் தொலைபேசி அழைப்பைப் பற்றிய உண்மையை இனியும் மறைக்கக் கூடாது என்று சிட்டு அவரை அழைத்தாள். அவள் வாய் திறக்குமுன் அந்தத் தாயே பேசினார்.

"நேத்து சாயங்காலம் போன் வந்துச்சும்மா. ஆறு பத்துக்கு. அவ குரல்தான், எனக்குத் தெரியாதா? 'வேலை முடிஞ்சுதும்மா, கிளம்பிட்டேன்'னா. தனியாவா வர்றேன்னு கேட்டேன். 'இல்லம்மா, சாரும் வர்றார். உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்'னா."

ஆறு பத்துக்கு அவர் என் எதிரே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

எட்டு மாதங்கள் ஆயின. இருவரும் போய்ச் சேரவில்லை. காவல் துறையினர் ஆறு, குளம், தண்டவாளம் எல்லாம் தேடிவிட்டு ஓய்ந்தார்கள். எனக்கு விளக்கம் எதுவும் தெரியாது. தெரியாததை எழுதுவது என் வழக்கமும் அன்று.

இறுதியில் முடிவானவை இவை. துறையினர் கூடி, வழிக்குறிப்பிலிருந்து அந்த வாக்கியத்தை நீக்கினார்கள். மாணவர் எவரையும் இனிச் சாலையில் நிறுத்துவதில்லை. ஆசிரியர்களே வண்டியோடு நிலையத்திற்குப் போய் விருந்தினரை அழைத்துவர வேண்டும். சிட்டு பட்டம் பெற்று வேறு ஊருக்குப் போய்விட்டாள். அந்தத் தாயைச் சென்ற வாரம் நானே நேரில் போய்ப் பார்த்தேன். நண்பகலில் வந்த அழைப்பைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, தாம் எடுத்த முடிவைச் சொன்னார். மகள் எந்த நேரத்தில் வந்தாலும் நேராக உள்ளே வரும்படி, இனி இரவில் கதவைத் தாழிடப்போவதில்லை.

"அவரும்தானே வருகிறார்?" என்று கேட்டேன்.

"வரட்டும்மா. வாசல்ல நிக்கட்டும். உள்ள கூப்பிட நான் மறந்துடுவேன்."